கவசம் போடாத ஊர்க்காரன்

சனிக்கிழமை காலை. வெளியே மைனஸ் இருபத்திரண்டு. காப்பித் தம்ளரோடு சோபாவில் சாயப் போன நேரம், உள்ளறையிலிருந்து பெரியவன் கத்தினான். "அப்பா, ஓடி வாங்க, இவன் தமிழ் பேசுறான்!"

போய்ப் பார்த்தால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம். நான் கல்லூரி முடித்த காலத்தில் ராத்தூக்கத்தைத் தின்ற அதே விளையாட்டு. 1999ல் வந்தது, 2019ல் புதுச்சட்டை மாட்டித் திரும்ப வந்தது. 2022ல் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்று ஒரு கூடுதல் தொகுப்பு விட்டார்கள். அதில் 'திராவிடர்கள்' என்று தனி நாகரிகம், ராஜேந்திர சோழனுக்கு ஒரு முழுப் படையெடுப்புக் கதை. ஆளைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறான். எனக்கே ஒரு நிமிஷம் சிலிர்த்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

அந்த நாகரிகத்தின் சிறப்பு வீரன் கையில் இருப்பது உறுமி. உறுமி என்றால் மதுரைப் பக்கத்து நண்பர்களுக்கு மேளம்தான் ஞாபகம் வரும். இது வேறே. இடுப்பில் பெல்ட் மாதிரி சுற்றிக்கொள்கிற வளையும் வாள், தமிழில் சுருள்வாள் என்போம். உறுமி என்பது மலையாளத்தில் புழங்கும் பேர். ஆக, ஆயுதத்துக்கு மலையாளப் பேர், ஆள் பேசுவது தமிழ். "இவன் நம்ம பாறசாலைக்காரன்டா" என்றேன். பையனுக்குப் புரியவில்லை. நெய்யாற்றின்கரை தாலுகாவில் பிறந்து, வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமுமாக வளர்ந்து, களியக்காவிளைச் சந்தையில் இரண்டையும் கலந்து விலை பேசினவர்களுக்குப் புரியும் :-)

இதுவரை எல்லாம் சந்தோஷம். பிறகு அவன் ஒரு கேள்வி கேட்டான். மற்ற நாட்டு வீரர்களை வரிசையாகச் சொடுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "அவங்க எல்லாம் இரும்புச் சட்டை போட்டிருக்காங்க. நம்ம ஆளு மேலே ஒண்ணுமே போடலையே. நம்மகிட்ட காசு இல்லையா அப்பா?"

இந்தப் பதிவு அந்தக் கேள்விக்குத்தான். ஆனால் அதற்கு முன்னால், பிள்ளைகள் மணிக்கணக்கில் எதைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று புரியாத அப்பா அம்மாக்களுக்காக, இந்த விளையாட்டுகளில் ஆயுதத்தையும் கவசத்தையும் எப்படிச் சமன் செய்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மளிகைக்கடைக் கணக்குதான், பயப்பட வேண்டாம்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் ஒவ்வொருவனுக்கும் உயிர் இத்தனை, அடி இத்தனை, கவசம் இத்தனை என்று எண்கள். கவசத்திலேயே இரண்டு பத்தி: கைச்சண்டை ஆயுதத்துக்கு எதிராக ஒன்று, அம்பு வகையறாவுக்கு எதிராக ஒன்று. அடியிலிருந்து கவசத்தைக் கழித்தால் மிச்சம் எவ்வளவோ அவ்வளவு உயிர் போகும். எவ்வளவு பெரிய கவசமானாலும் குறைந்தது 1 போயே தீரும். இதற்கு மேலே, சில ஆயுதத்துக்குச் சில எதிரியிடம் மட்டும் கூடுதல் அடி உண்டு. ஈட்டிக்குக் குதிரை மேல் இருப்பது அப்படி.

குதிரைவீரன் உயிர் 100, அடி 10, கவசம் 2. சாதாரண ஈட்டிக்காரன் உயிர் 45, அடி 3, கவசம் சுத்தமாக இல்லை. ஆனால் குதிரையைக் கண்டால் அவனுக்கு 15 கூடுதல். 3ல் 2 கழித்து 15 கூட்டினால் ஒரு குத்துக்கு 16. அப்போது ஈட்டிக்காரன்தானே ஜெயிக்க வேண்டும்? மாட்டான். குதிரைவீரன் 1.8 நொடிக்கு ஒரு வெட்டு வெட்டுகிறான், ஐந்தாவது வெட்டில் ஈட்டிக்காரன் காலி. ஈட்டிக்காரன் 3 நொடிக்கு ஒரு குத்து, ஏழு குத்து வேண்டும். ஒத்தைக்கு ஒத்தை நின்றால் குதிரைக்காரன் கையில்தான் ஆட்டம்.

இப்போது விலையைப் பாருங்கள். குதிரைவீரனுக்கு உணவு 60, தங்கம் 75, மொத்தம் 135. ஈட்டிக்காரனுக்கு உணவு 35, மரம் 25, மொத்தம் 60. தங்கமே வேண்டாம். ஒரு குதிரையின் விலையில் இரண்டு ஈட்டிக்காரன் வாங்கி, பாக்கிச் சில்லறையும் வாங்கலாம். இரண்டு பேராக நின்றால் ஆறாவது நொடிக்குள் ஆறு குத்து, குதிரைவீரனுக்கு 96 போய்விடும். ஏழாவது நொடியில் ஒரு ஈட்டிக்காரன் சாவான். ஒன்பதாவது நொடியில் மற்றவன் குத்தும்போது குதிரைவீரன் சாய்ந்துவிடுவான். சமநிலை என்று சொல்வது இதைத்தான். கத்தி பெரிதா கவசம் பெரிதா என்று மட்டும் பார்த்தால் இது பிடிபடாது, விலைப்பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அம்புக்காரன் ஈட்டிக்காரனை அடிப்பான், குதிரை அம்புக்காரனை அடிக்கும், ஈட்டி குதிரையை அடிக்கும் என்கிற வட்டம் இந்தக் கணக்கின் மேல்தான் ஓடுகிறது.

சரி, நம்ம திராவிடர்களுக்கு என்ன கொடுத்திருக்கிறார்கள்? பெரிய குதிரைவீரன் வரிசையே கிடையாது. அது நியாயம்தான், நம்மூர்ச் சேற்றில் அரபுக்குதிரை எத்தனை நாள் தாங்கும்? அதற்கு ஈடாக 'வூட்ஸ் ஸ்டீல்' என்று ஒரு வித்தை. அதை ஆராய்ந்து முடித்துவிட்டால் நம்முடைய காலாளும் குதிரையும் அடிக்கிற அடி எதிரியின் கவசத்தைக் கணக்கிலேயே எடுக்காது. வூட்ஸ் வேறொன்றுமில்லை, நம்ம உருக்குதான். கன்னடத்தில் உக்கு, ஐரோப்பியர் வாயில் வூட்ஸ். கொடுமணல் அகழ்வாய்விலேயே மூசையில் உருக்குச் செய்ததற்குத் தடயம் கிடைத்திருக்கிறது. மேற்காசியாவில் டமாஸ்கஸ் வாள் என்று பேர் வாங்கியதற்கு இங்கிருந்து போன உருக்குக் கட்டிதான் மூலப்பொருள். மின்சாரத்துக்குப் பேர்போன மைக்கேல் ஃபாரடே இதன் ரகசியத்தைக் கண்டுபிடிக்க முயன்று பார்த்தார். ஆக, பெருமைக்குக் குறைவில்லை.

ஆனால் கணக்கைப் போடுங்கள். அடி 12 இருக்கிற நம்ம ஆள், கவசம் 10 போட்ட ட்யூட்டானிக் வீரனை அடித்தால் சாதாரணமாக 2தான் போகும். உருக்கு இருந்தால் முழு 12ம் போகும். ஆறு மடங்கு! அதே வாளால் கவசமே போடாத குடியானவனை அடித்தால்? உருக்கு இருந்தாலும் 12, இல்லாவிட்டாலும் 12. அதாவது இந்த உருக்கின் மதிப்பு முழுக்க எதிராளி உடம்பில் இருக்கும் இரும்பைப் பொறுத்தது. எதிராளி சட்டையைக் கழற்றிவிட்டால் நம் பெருமை பூஜ்யம். இரண்டு திராவிடப் படைகளை மோதவிட்டுப் பாருங்கள், அந்த ஆராய்ச்சிக்குச் செலவழித்த காசுக்கு ஈடாக ஒன்றும் பெரிதாகத் தேறாது.

நிஜத்தில் எங்கள் பக்கம் நடந்த சண்டைகள் பெரும்பாலும் அந்த மாதிரிதான். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வரைந்த மலபார்ப் போர்வீரன் படங்களைப் பாருங்கள். இடுப்பில் துணி, கையில் வாள், இன்னொரு கையில் வட்டப் பரிசை. மார்பு திறந்திருக்கும். பழந்தமிழில் கவசத்துக்குச் சொல் இல்லாமல் இல்லை. மெய்ம்மறை என்று அழகான பேர், பதிற்றுப்பத்தில் சேர மன்னனையே தன் வீரர்களுக்கு மெய்ம்மறை என்று புகழ்கிறார்கள். கேடயத்துக்குக் கிடுகு என்றும் ஒரு பேர் உண்டு. (யாழ்ப்பாணத்து நண்பரிடம் இதைச் சொன்னபோது, "கிடுகு என்றால் கூரை வேயுற பின்னின தென்னோலை அல்லோ" என்று சிரித்தார். அதுவும் மறைப்புதானே.) சொல் இருந்தது, தேவைப்பட்டவர்கள் போட்டார்கள். எங்கள் பக்கத்துக் காலாள் போடவில்லை.

ஏன் என்று பையனுக்கு எப்படிப் புரியவைப்பது? அவனுடைய சொந்த உடம்பை வைத்தே காட்டினேன். பனிக்கால ஜாக்கெட், ஸ்னோ பேன்ட், பூட்ஸ், தொப்பி, கையுறை எல்லாம் மாட்டி, "இப்போ மாடிக்கு ஓடிட்டு வா" என்றேன். நாலாவது படியில் மூச்சு வாங்கினான். வீட்டுக்குள் இருபத்திரண்டு டிகிரிதான். பாறசாலையில் சித்திரை மாசத்து மத்தியானம், முப்பத்திநாலு டிகிரி, ஈரக்காற்று, முட்டளவு வயல்சேறு. அதில் இருபது கிலோ இரும்பை மாட்டிக்கொண்டு நிற்பவனை எதிரி வெட்டவே வேண்டாம். நிழலில் உட்கார்ந்து காத்திருந்தால் போதும்.

எடை இல்லாதவன் என்ன செய்வான்? விலகுவான். எங்கள் ஊர்ப்பக்கத்துத் தெக்கன் களரி, அதற்கு அப்பால் அடிமுறை, இரண்டும் ஏறக்குறைய ஒரே குடும்பம். இரண்டிலும் வெறுங்கையில் தொடங்கிப் பிறகுதான் கம்பு, கத்தி. காலை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் ஒதுங்குவது என்பதுதான் முதல் பாடம். பிறகு வர்மம். நூற்றெட்டு இடங்கள்: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. மூடாத உடம்போடு சண்டை போடுகிறவர்களிடம்தான் எந்த இடத்தில் அடிப்பது என்ற அறிவு இவ்வளவு நுணுக்கமாக வளரும் என்று எனக்குத் தோன்றும். விளையாட்டில் மனித உடம்புக்கு இடம் என்று ஒன்றே இல்லை. தலையில் பட்டாலும் காலில் பட்டாலும் ஒரே பச்சைக்கோடு குறையும். இன்னொன்று, எங்கள் பக்கம் வர்ம ஆசான்தான் ஒடிவு முறிவுக்கு வைத்தியரும். விளையாட்டிலும் திராவிடர்களுக்கு மருத்துவப் படை என்று ஒரு ஆராய்ச்சி உண்டு, அது யானைகளுக்கு மட்டும்தான் வேலை செய்யும்! ஆசான் பாவம்.

இப்போது நெய்யாற்றின்கரைக்கு வருகிறேன். அங்கே கிருஷ்ணசாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப்பிலாவு என்று ஒரு பட்டுப்போன பழைய பலாமரம். 1729ல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா, அதற்கு முன் எதிரிகள் துரத்தியபோது இந்த மரப்பொந்துக்குள் ஒளிந்து தப்பினார் என்று சொல்வார்கள். சின்ன வயதில் பாட்டா கையைப் பிடித்துக்கொண்டு போய் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். அந்த மனிதர்தான் 1741ல் குளச்சலில் டச்சுக் கம்பெனியின் படையைச் சரணடைய வைத்தவர். குளச்சல் பக்கம் இன்னொரு கதையும் உண்டு. கரையில் மீனவர்கள் துடுப்பைத் துப்பாக்கி மாதிரித் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம், பனந்தடியை மாட்டுவண்டியில் ஏற்றிப் பீரங்கி மாதிரிக் காட்டினார்களாம். கதையில் எவ்வளவு உண்மையோ, ஊர் எதை ஆயுதமாக நினைவு வைத்திருக்கிறது என்று பாருங்கள். அங்கே பிடிபட்ட டிலனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே ஐரோப்பிய முறைப் பயிற்சி கொடுத்து, 1777ல் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் அந்தப் பலாமரத்துக்கு என்ன மதிப்பு தெரியுமா? ஒரு மரம், 100 விறகு. அவ்வளவுதான். அதில் காடு என்பது நுழைய முடியாத சுவர், அல்லது வெட்டி எடுக்கிற சரக்கு. ஒளிய முடியாது. மேட்டில் நின்றால் கொஞ்சம் அனுகூலம் உண்டு, மற்றபடி கவசம் என்றால் ஆள் மேலே இருக்கிற எண் மட்டும்தான். நமக்கு நம் பேரையே கொடுத்த விளையாட்டு, நம்மைக் காப்பாற்றின பொருளுக்கு விறகு விலை போட்டிருக்கிறது.

வார்கிராஃப்ட் மூன்றாம் பாகமும் (2002) இதில் உசத்தி இல்லை. அதில் அடி வகை, கவச வகை என்று ஒரு பெரிய வாய்ப்பாடே உண்டு. லேசான கவசம், நடுத்தரம், கனம், கோட்டை. கடைசியில் 'கவசமில்லை' என்பதும் ஒரு வகை. 2003ல் வந்த அதன் விரிவாக்கத்தில் கவசமில்லாதவன் மேல் அம்பு பட்டால் ஒன்றரை மடங்கு. கவசம் இல்லாததற்குத் தண்டனை உண்டு, எதிர்ப்பக்கத்தில் வரவு என்று ஒன்றையும் காணோம்.

நான் பையனுக்குக் காட்டியது பேட்டில் ஃபார் வெஸ்நாத். 2003லிருந்து இருக்கிறது, இலவசம், உலகமெங்கும் ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்தது. படம் பழைய பஞ்சாங்கம் மாதிரி இருக்கும், பிள்ளைகள் முதலில் முகம் சுளிப்பார்கள். கதையில் வனதேவதை மாதிரி எல்ஃப், குள்ளர்கள், எலும்புக்கூடுகள். தமிழன், மலையாளி யாரும் இல்லை. ஆனால் அதன் கணக்கில் எங்கள் ஊர் இருக்கிறது.

அதில் தற்காப்பு இரண்டு தனித்தனி விஷயம். ஒன்று, பட்ட அடியில் எவ்வளவு தாங்குவாய் என்பது. இரண்டாவது, அடி உன் மேல் படுமா என்பதே. இரண்டாவதை நிற்கிற இடம்தான் தீர்மானிக்கிறது. எல்ஃப் வெட்டவெளியில் நின்றால் பத்தில் ஆறு அடி படும், காட்டுக்குள் நின்றால் மூன்று நாலுதான். உடம்பு முழுக்க இரும்பு போட்ட கனக்காலாள் இருக்கிறான், வாள்வெட்டில் பாதியை அப்படியே தாங்குவான். ஆனால் அவனுக்கு ஒரு முறைக்கு நகர நாலு புள்ளிதான். சதுப்பில் ஒரே ஒரு கட்டம் வைக்க நாலும் போய்விடும், அங்கே நிற்கும்போது விழுகிற அடியில் பெரும்பாலானவை படும். எலும்புக்கூட்டை ஈட்டியால் குத்தினால் பாதிகூட ஏறாது, கம்பால் ஓங்கி அடித்தால் நொறுங்கும். ஆயுதம், உடம்பு, மண் மூன்றும் சேர்ந்த கணக்கு. பாறசாலை வயலில் ட்யூட்டானிக் வீரனுக்கு என்ன ஆகும் என்பதை, பாறசாலை எங்கே இருக்கிறது என்றே தெரியாதவர்கள் சரியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

நியாயமாக எதிர்வாதமும் சொல்லவேண்டும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஓடுகிற வேகத்தில், நாற்பதுக்கு மேற்பட்ட நாகரிகங்களை ஒரே தராசில் நிறுத்த வேண்டுமானால் எல்லோருக்கும் பொதுவான எண்கள் வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் தனி இயற்பியல் எழுதினால் யாரும் யாரோடும் விளையாட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் ஆசை சின்னது. திராவிடக் காலாளுக்குக் கவசம் பூஜ்யம் என்று போடுங்கள், விலையைக் குறையுங்கள், காட்டுக்குள் நுழைய வழி விடுங்கள். கவசம் இல்லாததற்குப் பக்கத்தில் ஒரு வரவு காட்டுங்கள். இரவல் எதிரியின் இரும்பை நம்பித்தான் எங்களுக்குப் பெருமை என்று வைக்காதீர்கள்.

இதையெல்லாம் சொல்லி முடித்து, பையன் கேள்விக்கு நல்ல பதில் சொல்லிவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் மனைவி அடுக்களையிலிருந்து ஒரு வரி சொன்னாள். "பாதிதான் சொன்னீங்க."

உண்மைதான். தெற்குத் திருவிதாங்கூரில் மேலே துணி இல்லாமல் இருந்ததெல்லாம் வெயிலுக்காகவும் தந்திரத்துக்காகவும் இல்லை. நாடார் பெண்கள் உள்பட ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மாரை மறைக்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த நாடு அது. தோள்சீலைக்காகத் தலைமுறைக் கணக்காகப் போராடி, சந்தையில் துணி கிழிபட்டு, அடிபட்டு, 1859ல்தான் அரசரின் பிரகடனம் வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. வாள் பிடித்தவன் விரும்பித் திறந்த மார்பும், வயலில் நின்றவளுக்கு விதிக்கப்பட்ட திறந்த மார்பும் ஒரே ஊரில், ஒரே வெயிலில் இருந்தன. விளையாட்டின் பூஜ்யத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். என் பையனுக்குத் தெரியக் கூடாது.

அவனிடம் அதையும் சொன்னோம். அவள்தான் சொன்னாள், அவள் பாட்டியின் பாட்டி கதையோடு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு வெஸ்நாத்தைத் திறந்து, நான் ஓட்டிய கனக்காலாளை நைசாகச் சதுப்புக்கு இழுத்து, காட்டு ஓரத்தில் நிறுத்தியிருந்த மூன்று எல்ஃப் வில்லாளிகளை வைத்து இரண்டே சுற்றில் கொன்றான். அடுத்த லீவுக்குப் போகும்போது அந்தப் பலாமரத்தைப் பார்க்க வேண்டுமாம்.